போன் சொல்லும் பிறையும் நம் நாட்டுப் பிறையும்



மூத்தாப்பாவின் காணி விஷயமாக அவருடைய மரணச் சான்றிதழின் பிரதி ஒன்று எங்களுக்குத் தேவைப்பட்டது. விண்ணப்பத்தில் மரணித்த திகதியைக் கேட்டிருந்தது. வீட்டில் யாருக்கும் சரியாக ஞாபகமில்லை. கடைசியில் வாப்பாவின் பழைய கணக்குக் கொப்பியில் ஒரு வரி கிடைத்தது: "ஹிஜ்ரி 1406 ரஜப் பிறை 5, திங்கள் காலை, வாப்பா மௌத்து."

இனி என்ன, போனில் தட்டினால் ஆங்கிலத் திகதி வந்துவிடும் என்று நினைத்தேன். என்னுடைய செயலி 1986 மார்ச் 15 என்றது. தம்பியின் போனில் இருந்தது மார்ச் 16 என்றது. 15 சனிக்கிழமை, 16 ஞாயிற்றுக்கிழமை. வாப்பா எழுதியதோ திங்கள். மனுசன் கிழமையை மாறி எழுதிவிட்டாரோ என்றுதான் முதலில் யோசித்தோம். தன் வாப்பா மௌத்தான கிழமையை யார் மறப்பார்? அந்தக் கிழமையை நம்பி மார்ச் 17 என்று எழுதிக் கொடுத்தோம். பதிவு கிடைத்தது. பிழை கொப்பியில் இல்லை.

இரண்டு செயலிகளும் ஏன் மாறிச் சொன்னன? நான் கணிதம் படிப்பிக்கிறவன் என்பதால் தேடிப் பார்த்தேன். பல மென்பொருள்கள் ஹிஜ்ரித் திகதியை ஒரு வாய்ப்பாட்டை வைத்துத்தான் கணிக்கின்றன. ஒரு மாதம் 30 நாள், அடுத்தது 29 நாள் என்று மாறி மாறி வரும். 30 வருடங்களில் 11 வருடங்களுக்கு மட்டும் கடைசி மாதத்தில் ஒரு நாளைக் கூட்டுவார்கள். ஆக 30 வருடங்களுக்கு 10,631 நாட்கள். சராசரிக்கு அருமையான கணக்கு. ஆனால் முதல் வருடத்தின் முதல் நாளை சிலர் கி.பி. 622 ஜூலை 15 வியாழன் என்று வைக்கிறார்கள், சிலர் ஜூலை 16 வெள்ளி என்று வைக்கிறார்கள். அந்த ஒரு நாள் வித்தியாசம்தான் எங்கள் வீட்டில் சனியும் ஞாயிறுமாக வந்து நின்றது.

மூன்றாவதாக, சவூதியின் உம்முல் குரா நாட்காட்டி இருக்கிறது. மக்காவின் சூரிய அஸ்தமனத்தையும் சந்திர அஸ்தமனத்தையும் வைத்து முன்கூட்டியே கணித்துத் தயாரிப்பது அது. ஜாவா போன்ற நிரல்மொழிகளில் ஹிஜ்ரித் திகதிக்கென்று உள்ளே வைத்திருப்பதும் அந்த அட்டவணையைத்தான்.

நம் நாட்டில் மாதம் பிறப்பது இப்படியல்ல. 29ஆம் நாள் மஃரிபில் பிறை பார்க்கிறார்கள். கொழும்புப் பெரிய பள்ளிவாசல், ஜம்இய்யத்துல் உலமா, முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களம் எல்லோரும் கூடியிருந்து, கிடைத்த தகவல்களைப் பார்த்துத் தலைப்பிறையை அறிவிக்கிறார்கள். பிறை தென்படாவிட்டால் மாதம் 30 ஆகிறது. அன்று வானத்தில் முகில் இருந்ததா என்பது எந்த வாய்ப்பாட்டுக்கும் தெரியாது. திங்கள் பிறை 5 என்றால், அந்த ரஜப் இங்கே மார்ச் 13 வியாழனன்றுதான் பிறந்திருக்கிறது.

"செயலியில் ஒரு நாளைக் கூட்டிக் குறைக்கலாமே, சேர்" என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கலாம். பல செயலிகளில் அந்த வசதி இருக்கிறதுதான். ஆனால் இந்த மாதத்துக்காக ஒரு நாளைக் குறைத்தால், பெரும்பாலும் போன மாதமும் போன வருடமும் சேர்ந்தே நகர்ந்துவிடும். அடுத்த மாதம் திரும்பவும் மாற்ற வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நமது நாள் மஃரிபோடு தொடங்குகிறது. நம் பெரியவர்கள் "வெள்ளி இரவு" என்றால் அது வியாழன் பின்னேரம் கழிந்த இரவு. திகதி மாற்றும் மென்பொருளுக்கு நாள் மாறுவது நடுச்சாமம் 12 மணிக்கு. இரவு எட்டு மணிக்குப் பிறந்த பிள்ளைக்கு இதனால் மட்டுமே ஒரு நாள் பிசகும்.

சர்வதேசப் பிறையா உள்நாட்டுப் பிறையா என்ற வாதத்துக்குள் நான் வரவில்லை. அது உலமாக்களின் விஷயம். எந்தப் பக்கம் நின்றாலும், இந்த ஊர் அந்த மாதத்தை எந்த நாளில் தொடங்கியது என்பது நடந்து முடிந்த ஒரு சம்பவம். அதைப் பின்னால் கணக்குப் போட்டுப் பிடிக்க ஏலாது. எழுதி வைத்தால்தான் உண்டு. நாம் எழுதி வைக்காததை மென்பொருள் எங்கிருந்து எடுக்கும்? இத்தாக் கணக்கு, ஸகாத் வருடம், காணி உறுதி என்று வரும்போதுதான் அந்த ஒரு நாளின் பெறுமதி தெரியும்.

அதனால் இரண்டு வேண்டுகோள்கள்.

ஒன்று, பள்ளி நிர்வாகங்களுக்கு. ஒரு கொப்பி போடுங்கள். ஒவ்வொரு மாதமும் தலைப்பிறை அறிவித்ததும், "இன்ன மாதம் பிறை 1, இன்ன ஆங்கிலத் திகதி, இன்ன கிழமை" என்று ஒரு வரி எழுதுங்கள். வருடத்துக்குப் பன்னிரண்டே வரிகள். பழைய ரமழான் கலண்டர்கள் கிடந்தால் எறிய வேண்டாம். அந்த வரிகள் சேர்ந்தால், நம் பிள்ளைகளில் ஒருவர் நம் நாட்டுப் பிறைக்கே ஒரு திகதி மாற்றியைச் செய்துவிடுவார். எனது மாணவர்களே செய்வார்கள்.

மற்றது, வீடுகளுக்கு. பிறப்பு, நிக்காஹ், மௌத்து எதை எழுதினாலும் பிறை, ஆங்கிலத் திகதி, கிழமை மூன்றையும் எழுதுங்கள். மஃரிபுக்கு முன்னா பின்னா என்றும் குறியுங்கள். எங்கள் வாப்பா ஆங்கிலத் திகதியை எழுதவில்லை. ஆனால் "திங்கள் காலை" என்று எழுதியிருந்தார். அந்த இரண்டு சொல்தான் எங்களைக் காப்பாற்றியது.

இதில் பிழையிருந்தால் தெரிந்தவர்கள் திருத்துங்கள். உங்கள் வீட்டுப் பழைய கொப்பிகளில் இப்படித் தலைப்பிறைத் திகதிகள் இருந்தால், ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். நான் சேர்த்து வைக்கிறேன், இன்ஷா அல்லாஹ்.