தலையெழுத்தல்ல, தோழர்களே!

ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து விடியுமுன் மெப்ஸ் ஆலைகளுக்கும் தாம்பரம் இரயில் பணிமனைக்கும் புறப்படும் தோழர்களைக் கேட்கிறோம்: நிலமில்லை, பணமில்லை, உழைப்பவனுக்கென்று உள்ள சொத்து எது? இரு கைகளும், அவற்றை இயக்கும் மூளையும்தானே! கையில் காயம்பட்டால் ஊர் அறியும். மூளையில் நடக்கும் களவுக்கு வலியுமில்லை, ஓசையுமில்லை.

அந்தக் களவாணியின் பெயர் இரத்தக் கொதிப்பு. ஆண்டுக்கணக்கில் அழுத்தம் மிகுந்து நின்றால் மூளையின் ஆழத்திலுள்ள நுண்குழாய்கள் தடித்துக் குறுகுகின்றன. இரத்தம் எட்டாத இடங்களில் சிறு சிறு வடுக்கள் விழுகின்றன. சிந்தனையின் வேகம் குறைகிறது, வேலையை வரிசைப்படுத்துவது தடுமாறுகிறது, நினைவும் நழுவுகிறது. 'வயதாகிவிட்டது, தலையெழுத்து' என்கிறார்கள். தலையில் எழுதியவன் எவனுமில்லை! எல்லா மறதியும் கொதிப்பால் வருவதன்று. ஆனால் நாற்பதில் அளந்து பாராத அழுத்தம் எழுபதில் வட்டியோடு வசூலிக்கிறது.

1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் இரத்தம் கசிந்து அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் மாண்டார். அன்று அவரது அழுத்தம் 300/190. வல்லரசின் தலைவருக்கே அன்று தக்க மருந்தில்லை! இன்றோ ஏழைத் தொழிலாளிக்கும் அரசு மருத்துவ நிலையத்தில் மாத்திரை விலையின்றிக் கிடைக்கிறது. அதே அமெரிக்காவில் 9,361 பேரிடம் நடந்து 2019-இல் வெளிவந்த ஆய்வு, அழுத்தத்தை நன்கு குறைத்தவர்களிடம் தொடக்கநிலை அறிவுத் தளர்ச்சி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததைக் கண்டது.

மருந்திருந்து என்ன பயன்? 2020-இல் தமிழ்நாட்டில் எடுத்த கணக்கின்படி, வயதுவந்தோரில் 33.9 விழுக்காட்டினருக்குக் கொதிப்பு. அவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தோர் 7.3 விழுக்காடே! 2021 ஆகஸ்ட் 5 அன்று கழக அரசு 'மக்களைத் தேடி மருத்துவ'த்தைத் தொடங்கியபோது நாம் மகிழ்ந்தோம். ஆனால் மருந்துப் பெட்டி பகலில் வீட்டுக் கதவைத் தட்டும்போது உழைப்பாளி ஆலையில் அல்லவா இருக்கிறான்? 2024-இல் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' பணியிடத்திற்கே வந்தது, நல்லது. எனினும், ஒருநாள் சோதனை ஆயுள் முழுதும் காக்காது.

ஆகவே நாம் கேட்பது சலுகையன்று, உரிமை! ஊதியம் பிடிக்காமல் மாதந்தோறும் அழுத்தம் அளக்க நேரம் கொடுங்கள். மிகைநேர வேலையால் உறக்கத்தைப் பறிக்காதீர்கள். ஆலை உணவகத்தில் உப்பைக் குறையுங்கள். ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமே போதும்.

தோழர்களுக்கும் ஒரு வேலை உண்டு. படிப்பகம்தோறும் ஏட்டிற்குப் பக்கத்தில் ஓர் அளவுக் கருவி இருக்கட்டும். 140/90-ஐத் தொட்டவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மருத்துவர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்த விடாதீர்கள்.

உழைப்பைச் சுரண்டுவோரை எதிர்த்து நிற்கும் நாம், அறிவைச் சுரண்டும் நோய்க்கு மட்டும் அடங்கிப் போவதா?