ரத்தம் எடுத்தார்கள், பதில் எங்கே?



கர்ப்பிணிப் பெண்ணின் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறார்கள். எதற்கு என்று கேட்டால், "எல்லாருக்கும் எடுக்கிறதுதான்" என்று ஒரு வார்த்தையோடு முடிகிறது. மூணாறு, வண்டிப்பெரியாறு லயங்களிலும் சித்தூர் தாலுகா கிராமங்களிலும் நம் பெண்கள் பலர் சொல்லும் குறை இது. சோதனையே வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. அரைகுறைச் சோதனை வேண்டாம் என்கிறோம்.

அவர்கள் சொல்லாததை நாமே சொல்லிவிடுவோம். எச்.ஐ.வி., பழையவர்கள் மேகப்புண் என்ற சிபிலிஸ், ஈரலைத் தின்னும் ஹெப்படைடிஸ் பி ஆகிய மூன்றும் தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றக்கூடியவை. எச்.ஐ.வி.யைக் கவனிக்காமல் விட்டால் நூறு பிள்ளைகளில் 15 முதல் 45 வரை தொற்றும். கர்ப்பத்திலேயே மருந்து தொடங்கினால் ஐந்துக்கும் கீழே வந்துவிடும். சிபிலிஸை விட்டால் பிள்ளை வயிற்றிலேயே சாகலாம். அதற்கு மருந்து விலை மலிந்த பென்சிலின் ஊசி. ஹெப்படைடிஸ் பி பிறக்கும்போது தொற்றினால் நூற்றில் சுமார் 90 பிள்ளைகளை அது விடாமல் பிடித்துக்கொள்ளும். தடுப்பூசியைப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஆகவே சோதனையின் முடிவு பிரசவ அறையில் இருந்தாக வேண்டும்.

எந்தப் பிரசவ அறையில்? இங்கேதான் விவகாரம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். தேவிகுளம் பக்கம் பதிவு செய்தவள் ஏழாம் மாதம் மலையிறங்கித் தேனிக்கோ தென்காசிக்கோ போகிறாள். கேரளத்தில் அவளுக்கு ஓர் அட்டை, தமிழ்நாட்டில் "பிக்மி" எண் என்று வேறொன்று. இரண்டு சர்க்காரின் பதிவேடுகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும் என்று நம்பி ஒரு பெண் போடிமெட்டு இறங்க முடியுமா? முடிவு அவள் கையில், அவள் வாசிக்கும் எழுத்தில் இருந்தால் ஒழிய, மலைமேல் எடுத்த ரத்தம் மலையடிவாரத்தில் செல்லாக்காசு.

தேனி மாவட்டத்திலிருந்து ஏலக்காட்டுக்குத் தினமும் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறிப்போகும் பெண்கள் கதை இன்னும் மோசம். விடியுமுன் கிளம்பி இருட்டித் திரும்புகிறவளுக்கு ஆரம்ப சுகாதார நிலையம் திறந்திருக்கும் நேரம் எது? சோதனை இலவசம்தான்; அன்றைய கூலி இலவசமா?

2023-ஆம் ஆண்டுக் கணக்கில் கேரளத்தில் ஆயிரம் குழந்தைகளுக்குச் சாவு 5, இந்தியா முழுவதற்கும் 25. பெருமைப்பட வேண்டியதுதான், நாமும் பெருமைப்படுகிறோம். ஆனால் சராசரிக் கணக்கு லயத்துக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் தாயிடமிருந்து பிள்ளைக்குப் பரவுவதை ஒழிக்கும் இலக்கை இலங்கை எட்டிவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சான்று அளித்தது. அங்கேயும் மலையகத்தில் கொழுந்து பறிப்பவர்கள் நம் தமிழ்ப் பெண்கள்தான். அவர்களையும் சேர்த்துத்தான் அந்தச் சான்று.

எஸ்டேட் ஆஸ்பத்திரி விஷயத்தில் ஒரு பயம் உண்டு, நியாயமான பயம். ஆஸ்பத்திரி கம்பெனியுடையது, மஸ்டர் புத்தகமும் கம்பெனியுடையது. காலையில் டிஸ்பென்சரியில் தெரிந்தது மாலையில் லயம் முழுக்கப் பரவிவிட்டால் அந்தக் குடும்பம் எங்கே போகும்? 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம் இதற்கு வழி சொல்கிறது. சம்மதம் இல்லாமல் சோதிக்கக் கூடாது. முடிவை வெளியே சொல்லக் கூடாது. நோயைக் காட்டி வேலையிலிருந்து நிறுத்தக் கூடாது. சம்மதம் என்றால் என்ன என்பதையும் அது சொல்கிறது: சோதிக்கப்படுபவருக்குப் புரியும் மொழியில் விளக்கிய பிறகு பெறுவதுதான் சம்மதம். மலையாளத்தில் கேட்டு, புரியாமல் ஆட்டிய தலை சம்மதம் ஆகாது. அசாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் இன்று இதே தோட்டங்களுக்கு வந்திருக்கும் பெண்களுக்கும் இந்த உரிமை உண்டு. நமக்குக் கேட்கும்போது அவர்களுக்கும் சேர்த்தே கேட்க வேண்டும்.

இனி நம் ஆண்களிடம். கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து உரிமை பேசுகிறவர்கள், மனைவியோடு சேர்ந்து நீங்களும் ரத்தம் கொடுங்கள் என்று நர்ஸ் சொன்னால் மானம் போய்விட்டதாகக் குதிப்பதேன்? அவளுக்கு மட்டும் பென்சிலின் போட்டு, புருஷன் போடாமல் இருந்தால் நோய் திரும்ப அவளுக்கே வரும். மாமியார்மார்களும் கொஞ்சம் கேட்டுக்கொள்ளுங்கள். வியாதி மருமகள் கொண்டுவந்த சீர் அல்ல.

2015 செப்டம்பரில் மூணாறு வீதியில் உட்கார்ந்து, போனஸுக்காகக் கம்பெனியையும் தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒருசேரக் கேள்வி கேட்டவர்கள் நம் பெண்கள். அவர்களுக்கு ஒரு சுகாதார நிலையத்தின் வாசலில் கேள்வி கேட்கத் தெரியாதா?

தமிழிலேயே எழுதிக் கேளுங்கள். குறையை இந்த நாட்டில் வழங்கும் எந்த மொழியிலும் மனுவாகக் கொடுக்கலாம் என்கிறது அரசியல் சட்டத்தின் 350-ஆவது பிரிவு. மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் தமிழர் தமிழில் எழுதினால் பதிலும் தமிழில் வர வேண்டும் என்று 1969-இல் கேரள சட்டமன்றமே சட்டம் இயற்றியது. ஒவ்வொரு கிளையும் தன் பகுதிச் சுகாதார நிலையத்துக்கு இந்த மாதமே ஒரு மனு கொடுக்கட்டும். தமிழ் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து விளக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையோ மாலையிலோ சோதனை நேரம் வேண்டும். முடிவைத் தமிழில் எழுதி, மூடிய உறையில் அந்தப் பெண்ணின் கையிலேயே கொடுக்க வேண்டும். மனுவின் தலையில் ஒரு கேள்வியைப் போடுங்கள்: சென்ற ஆண்டு இந்த நிலையத்தில் ரத்தம் கொடுத்த கர்ப்பிணிகள் எத்தனை பேர், முடிவைக் கையில் வாங்கிப் போனவர்கள் எத்தனை பேர்?