தாத்தாவின் பழைய காரை ரெடி பண்ணி குற்றாலத்துக்குத் தொண்டு ஓட்டம்... சட்டம், பெட்ரோல், பணம் மூன்றும் என்ன சொல்கின்றன?

குற்றாலம் சீசன் தொடங்கிவிட்டால் இன்ஸ்டாவில் ஒரே மாதிரி ரீல்ஸ்தான் வரும். சாரல், பேரருவி, பார்டர் பரோட்டா. நடுவில் எப்போதாவது ஒரு பழைய பியட்டோ அம்பாசிடரோ ஈர ரோட்டில் மெதுவாகப் போகும். கமென்ட்ஸில் எல்லாரும் 'இது எங்க தாத்தா வண்டி' என்று எழுதியிருப்பார்கள்.

அந்த 'தாத்தா வண்டி' பல வீடுகளில் இன்னும் மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது. அதைச் சீரமைத்து, நாலு நண்பர்கள் சேர்ந்து க்ளப் ஆரம்பித்து, தென்காசியிலிருந்து குற்றாலம் வரை ஒரு ஓட்டம் நடத்தி, வரும் பணத்தை ஒரு மருத்துவமனைக்கோ பள்ளிக்கோ கொடுத்தால் எப்படி இருக்கும்? உலகம் முழுக்க கிளாசிக் கார் க்ளப்கள் இதைச் செய்கின்றன. சென்னையில் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் க்ளப், ஹிஸ்டாரிக்கல் கார் அசோசியேஷன் ஆஃப் இந்தியா என இரண்டு அமைப்புகள் பழைய கார்களின் கண்காட்சி, பேரணி என்று இயங்கிக்கொண்டிருக்கின்றன. தென்காசியில் ஒருவர் இதை ஆரம்பிக்க நினைக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். அவர் எங்கெல்லாம் மாட்டிக்கொள்வார் என்று பார்க்கலாம்.

எது 'வின்டேஜ்'?

கார் பிரியர்களிடம் கேட்டால் ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். சர்வதேச வழக்கத்தில் 'வின்டேஜ்' என்பது பெரும்பாலும் 1930-க்கு முந்தைய கார்களைக் குறிக்கும். 'கிளாசிக்' என்பது அதற்குப் பிந்தையவை. இந்தியச் சட்டம் இந்த நுணுக்கத்துக்குள் போகவில்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடத்துக்கு மேல் ஆன, அசல் வடிவத்திலேயே இருக்கிற டூ வீலர், ஃபோர் வீலர் எல்லாமே 'வின்டேஜ் மோட்டார் வாகனம்' என்றது அந்தத் திருத்தம். வணிகப் பயன்பாட்டு வண்டிகளுக்கு இது பொருந்தாது.

50 வருடம் என்றதும் ஏதோ மகாராஜா காலத்து ரோல்ஸ் ராய்ஸ் என்று நினைக்க வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1950-களின் கடைசியில் வந்த முதல் அம்பாசிடர், 1960-களின் மார்க் 2, 1964-ல் வந்த பியட் 1100 டிலைட், அது பத்மினி என்று பெயர் மாறிய தொடக்க வருட வண்டிகள் எல்லாமே இப்போது இந்த வரம்புக்குள் வந்துவிட்டன. நம்ம சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூர் - பெருங்களத்தூர் பகுதியில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961 முதல் தயாரித்த ஹெரால்டும் வின்டேஜ்தான். 'பண்ணையாரும் பத்மினியும்' பார்த்துவிட்டு அந்தக் கார் மேல் ஆசைப்பட்ட தலைமுறைக்கு இது நல்ல செய்தி.

1980-களின் மாருதி 800 வைத்திருப்பவர்களுக்கு அப்படி இல்லை. அவர்கள் வண்டி பழையது, ஆனால் வின்டேஜ் இல்லை. 15 வருடம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 20 வருடம் தாண்டியவற்றுக்கு 2025-ல் 10,000 ரூபாயாக உயர்ந்தது. 20 வயதிலிருந்து 50 வயது வரை ஒரு கார் உயிரோடு இருப்பதுதான் கஷ்டம். அந்த முப்பது வருடத்தைத் தாண்டுவதற்குள் பெரும்பாலான வண்டிகள் காயலான் கடைக்குப் போய்விடும். நாளைய வின்டேஜ் கார்கள் இன்றைக்கு அங்கேதான் உடைபடுகின்றன என்பது என் புலம்பல்.

பதிவு எப்படி?

புதிதாக வின்டேஜ் பதிவு செய்ய 20,000 ரூபாய். பத்து வருடம் செல்லும். அதன்பின் புதுப்பிக்க 5,000 ரூபாய். நம்பர் பிளேட்டில் மாநிலக் குறியீட்டுக்குப் பின் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். ஏற்கெனவே பதிவில் இருக்கிற வண்டி தன் பழைய நம்பரை வைத்துக்கொள்ளலாம். இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனால் பல குடும்பங்களுக்கு காரை விட அந்த நம்பர்தான் முக்கியம்.

விதியில் ரொம்ப கவனிக்க வேண்டியது 'அசல் வடிவம்' என்ற நிபந்தனை. சேஸிஸ், பாடி, இன்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. 'சீரமைக்கிறோம்' என்று ஆரம்பிக்கும் பல பேர் தடுக்கி விழுவது இங்கேதான். நம்ம ஊர் பட்டறைகளில் பழைய அம்பாசிடரில் வேறு கம்பெனி டீசல் இன்ஜினை உட்கார வைப்பது சகஜம். மைலேஜ் கிடைக்கும், ஸ்பேர் ஈஸியா கிடைக்கும், ஆனால் வின்டேஜ் தகுதி போய்விடும். டிங்கரிங் வேலையில் துருப்பிடித்த தகட்டை வெட்டி அதே வடிவில் புதுத் தகடு வைப்பது சீரமைப்பு. கூரையை வெட்டித் திறந்த காராக்கினால் அது வேறு வண்டி. மாநில அரசு அமைக்கும் குழு வண்டியைப் பார்த்துத்தான் தகுதி உண்டா இல்லையா என்று சொல்லும். அதனால் பட்டறைக்குள் போகும் முன்பே சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர், ஒவ்வொரு பக்கமும் என்று போட்டோ எடுத்து வைப்பது நல்லது.

இன்னொரு நிபந்தனை, இந்த வண்டியைத் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, தொழில்நுட்ப ஆய்வு, வின்டேஜ் பேரணி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டும்தான் ரோட்டில் இறக்கலாம். வணிக நோக்கம் கூடவே கூடாது.

அப்போ பணம் எப்படித் திரட்டுவது?

முதலில் எல்லாருக்கும் தோன்றுவது, குற்றாலம் வரும் டூரிஸ்டுகளை ஆளுக்கு நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு பேரருவியிலிருந்து ஐந்தருவி வரை ஒரு ரவுண்டு கூட்டிப் போகலாமே என்ற யோசனை. முடியாது. காசு வாங்கி ஆள் ஏற்றினால் அது வாடகை ஓட்டம். வின்டேஜ் விதி மட்டுமில்லை, சாதாரண சொந்த கார் பதிவுக்கும் அது விதிமீறல். வசூலித்த பணம் முழுக்க தர்மத்துக்குப் போகிறது என்று சொன்னாலும் சட்டத்தில் இடமில்லை. அதைவிட முக்கியம், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்க அதுவே போதும்.

இரண்டாவது யோசனை, காரையே குலுக்கலில் விடுவது. பிரிட்டனில் இது ரொம்ப சாதாரணம். நன்கொடையாக வந்த பழைய காரைத் தன்னார்வலர்கள் சீரமைப்பார்கள், டிக்கெட் விற்பார்கள், யாரோ ஒருவருக்கு கார் போகும், மீதிப் பணம் தொண்டுக்கு. இந்தியாவிலும் ஒரு புகழ்பெற்ற உதாரணம் உண்டு. 1964 டிசம்பரில் பம்பாய் நற்கருணை மாநாட்டுக்கு வந்த போப் ஆறாம் பால், அமெரிக்காவிலிருந்து தனக்குப் பரிசாக வந்த வெள்ளை லிங்கன் காரை அன்னை தெரசாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அன்னை அதில் ஏறி ஊர்வலம் போகவில்லை. குலுக்கலில் விட்டார். கிடைத்த லட்சக்கணக்கான ரூபாய் மேற்கு வங்கத்தில் தொழுநோயாளிகளுக்கான சாந்தி நகர் குடியிருப்புக்குப் போனது.

அதே மாதிரி இன்றைக்குத் தென்காசியில் செய்தால் போலீஸ் வரும். தமிழ்நாட்டில் லாட்டரி விற்பனை 2003 ஜனவரியில் தடை செய்யப்பட்டது. மாநில அரசு அனுமதிக்காத லாட்டரிக்கு இடம் வைத்து நடத்தினால் பாரதிய நியாய சன்ஹிதா 297-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. இது தவிர பரிசுத் திட்டங்களைத் தடுக்கும் 1979-ம் வருடத்துச் சட்டம் ஒன்று தனியாக இருக்கிறது. ஆன்லைன் போட்டிகளின் அடியில் பொடி எழுத்தில் 'தமிழ்நாட்டில் வசிப்பவர்களுக்குப் பொருந்தாது' என்று பார்த்திருப்பீர்களே, அதற்குப் பின்னால் இருப்பது இந்தச் சட்டம்தான்.

மிச்சமிருக்கிற வழிகள் கொஞ்சம் சப்பென்று இருக்கும், ஆனால் பாதுகாப்பானவை. பங்கேற்கும் கார் உரிமையாளர்களே நுழைவுத் தொகை கட்டுவது, கடைகளும் நிறுவனங்களும் ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இவ்வளவு என்று ஸ்பான்சர் செய்வது, காரை நிறுத்திவைத்துக் கண்காட்சி நடத்துவது. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் 2012-ல் தொடங்கிய 'டிஸ்டிங்விஷ்டு ஜென்டில்மேன்ஸ் ரைடு' இதில் நல்ல மாடல். கோட் சூட் போட்டுக்கொண்டு கிளாசிக் பைக்கில் போவார்கள். ஒவ்வொரு ரைடரும் தனக்கான பக்கத்தில் நண்பர்களிடம் நன்கொடை கேட்பார். ஆண்களின் மனநலம், புராஸ்டேட் புற்றுநோய் தொடர்பான பணிகளுக்கு அது போகிறது. யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது திரையிலேயே தெரியும். கேஷ் டப்பா கிடையாது.

நன்கொடை கொடுக்கிற நாமும் கொஞ்சம் உஷாராக இருக்கணும். பணம் க்ளப்பின் கணக்குக்குப் போகிறதா, இல்லை நேராகத் தொண்டு நிறுவனத்துக்குப் போகிறதா என்று கேளுங்கள். நேராகப் போவதே நல்லது. நாம் '80ஜி' என்று அறிந்த வரிவிலக்கு வேண்டுமென்றால் அந்த நிறுவனத்துக்கு அதற்கான பதிவு இருக்க வேண்டும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் விலக்கு கிடையாது. புதிய வரி முறைக்கு மாறிய ஐ.டி. ஊழியர்களுக்கு எப்படிக் கொடுத்தாலும் இந்த விலக்கு இல்லை என்பது தனிக் கதை.

இதைவிட சங்கடமான கேள்வி ஒன்று இருக்கிறது. ஒரு பேச்சுக்கு, காரைச் சீரமைக்க 6 லட்சம் ஆனது, ஓட்டத்தில் 2 லட்சம் வசூலானது என்று வையுங்கள். அந்த 6 லட்சத்தை நேரா கொடுத்திருக்கலாமே? சீரமைப்புச் செலவை உரிமையாளரே ஏற்று, வசூலான 2 லட்சமும் முழுசாகத் தொண்டுக்குப் போனால் இதில் தப்பே இல்லை, அவர் தன் ஆசைக்குச் செலவு செய்கிறார். வசூலிலிருந்து செலவைக் கழித்துக்கொண்டு, சீரமைத்த காரையும் தானே வைத்துக்கொண்டால், தர்மத்தின் பேரில் ஒருவருடைய சொத்துக்கு மதிப்பு கூடியிருக்கிறது. கார் யார் பேரில் இருக்கிறது என்று போஸ்டரிலேயே போடச் சொல்லிக் கேட்கலாம். கோவையில் 2015-ல் திறக்கப்பட்ட ஜி.டி. கார் மியூசியம் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையின் கீழ் நடக்கிறது. அப்படி அறக்கட்டளை பேரில் கார் இருந்தால் இந்தச் சந்தேகமே வராது.

இ20 பெட்ரோல் குடிக்குமா பழைய கார்?

இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2030-க்கு வைத்திருந்த இலக்கு முன்னதாகக் கொண்டுவரப்பட்டு 2025-லேயே எட்டப்பட்டது. எத்தனால் கலக்காத பெட்ரோலும் விற்க உத்தரவிடக் கோரிய பொதுநல மனுவை 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் குழாய், பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம், கார்புரேட்டர் கேஸ்கெட் எல்லாவற்றையும் ஊறவைத்தோ இறுகவைத்தோ கெடுக்கும். தினமும் ஓடும் காரில் பெட்ரோல் மாறிக்கொண்டே இருக்கும். மாதத்துக்கு ஒரு நாள் ஓடும் காரில் அது டேங்கிலேயே கிடக்கும். அதிலும் குற்றாலம் மாதிரி காற்றிலேயே தண்ணீர் இருக்கிற ஊரில் கேட்கவே வேண்டாம். மைலேஜைப் பொறுத்தவரை, பழைய வகை நான்கு சக்கர வண்டிகளில் 6-7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே மதிப்பிட்டது. வருடத்துக்கு 500 கிலோமீட்டர் ஓடும் காருக்கு மைலேஜ் ஒரு கவலையே இல்லை. குழாய் கசிந்து சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டுவதுதான் கவலை.

வழி இருக்கிறது. எத்தனாலைத் தாங்கும் குழாய்களையும் சீல்களையும் மாற்றலாம். விதி தடுப்பது சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றங்களைத்தான் என்பதால், என் வாசிப்பில் ரப்பர் பாகங்களை மாற்றுவதற்குச் சிக்கல் இல்லை. ஓட்டம் முடிந்ததும் டேங்கைக் காலி செய்துவிட வேண்டும். பேரணி நடத்துபவர்கள் ஒவ்வொரு காரிலும் தீயணைப்பான் இருக்கிறதா என்று பார்க்காமல் கொடி அசைக்கக் கூடாது.

எந்த ரூட்?

திருநெல்வேலியிலிருந்து ஆலங்குளம், பாவூர்சத்திரம் வழியாகத் தென்காசிக்கு வருவது சமதளம், பிரச்னை இல்லை. அங்கிருந்து இலஞ்சி வழியாகக் குற்றாலம் அஞ்சாறு கிலோமீட்டர்தான். பெரியகோயில் கோபுரத்துக்கு முன்னால் தொடங்கினால் போட்டோவும் நன்றாக வரும்.

ஆசைப்பட்டு செங்கோட்டை, புளியரை தாண்டி ஆரியங்காவு பக்கம் ஏற நினைத்தால் யோசிக்கணும். இந்தக் கார்களில் பெரும்பாலானவற்றில் நாலு சக்கரத்திலும் ட்ரம் பிரேக்தான். ஏறும்போது ரேடியேட்டர் கொதிக்கும், இறங்கும்போது பிரேக் சூடாகிப் பிடிமானம் குறையும். எதிரே கேரளாவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் லாரிகள் வளைவில் திரும்பிக்கொண்டிருக்கும். அந்த லாரிக்காரருக்கு நம் பேரணியின் மேல் எந்த மரியாதையும் இருக்க வேண்டிய அவசியமில்லை.

நாளும் முக்கியம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சீசன் கூட்டம், பார்க்கிங்குக்கே அடிதடி. வடகிழக்குப் பருவமழையில் இந்தப் பக்கம் வெள்ளமே வந்திருக்கிறது. கார்த்திகை பிறந்தால் மகரவிளக்கு வரை ஐயப்ப பக்தர்கள் வண்டிகள் வரிசையாக வரும். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை அருவியில் தண்ணீர் நூலாகத்தான் விழும், லாட்ஜில் ரூம் கேட்ட விலைக்குக் கிடைக்கும், ரோடு காலியாக இருக்கும். கார் ஓட்ட அதுதான் சரியான நேரம்.