பெட்டியைக் கட்டும் முன் புத்தகத்தைத் திறங்கள்!

பள்ளிக்கூடங்கள் மூடிவிட்டன. கோடை விடுமுறை வந்துவிட்டது. வீட்டில் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? "எங்கேயாவது கூட்டிக்கொண்டு போங்கள்" என்று காலையும் மாலையும் கேட்கிறார்கள்.

திருச்செந்தூர் வட்டாரத்துக் குடும்பங்கள் எங்கே போகும்? கடல் அவர்களுக்குப் பழகிய கடல். அதனால் மேற்கே திரும்புவார்கள். பாபநாசம், மணிமுத்தாறு, குற்றாலம் என்று கிளம்புவார்கள். மலை, அருவி, அணை, குளம், காடு. இவைதாம் அவர்களுக்கு உல்லாசம்.

பயண ஏற்பாடு தடபுடலாக நடக்கிறது. புளியோதரை கட்டுகிறார்கள். முறுக்கு சுடுகிறார்கள். துண்டு, எண்ணெய், சீப்பு, தலைவலி மாத்திரை எல்லாம் பெட்டிக்குள் போகின்றன.

ஒன்று மட்டும் யார் நினைவுக்கும் வருவதில்லை. அதுதான் புத்தகம்!

"ஜாலியாகப் போகிற இடத்தில் புத்தகம் எதற்கு?" என்று கேட்பீர்கள். போன இடத்தில் வேண்டாம். அங்கே கண்ணைத் திறந்து பாருங்கள், அது போதும். புத்தகம் வேண்டியது, போவதற்கு ஒரு வாரம் முன்னால்.

ஜன்னல் ஓரத்துக் கேள்வி

திருச்செந்தூரில் பஸ் ஏறுகிறோம். திருநெல்வேலிக்குச் சுமார் 60 கிலோமீட்டர். ஜன்னல் ஓரத்தில் பையன் உட்கார்ந்திருக்கிறான். ஒரு மேட்டைப் பார்க்கிறான். கம்பி வேலி போட்டிருக்கிறது.

"எப்பா, இது என்ன இடம்?"

"தெரியலல. சும்மா வா."

அந்த இடம் ஆதிச்சநல்லூர்! மிகப் பழங்காலத்து மக்கள், இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த இடம். 1876-ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியிலிருந்து வந்த ஜாகர் என்பவர் அங்கே தோண்டிப் பார்த்தார். பிறகு, 1899 முதல் அலெக்சாண்டர் ரீ என்ற அதிகாரி தோண்டினார். தாழிகளும் இரும்புக் கருவிகளும் வெண்கலப் பொருள்களும் கிடைத்தன. 2023-இல் அங்கே ஒரு காட்சிக்கூடம் திறந்தார்கள். தோண்டிய குழிக்கு மேலே கண்ணாடித் தளம் போட்டிருக்கிறார்கள். அதன் மேல் நின்று, கீழே இருக்கும் தாழிகளைப் பார்க்கலாம்.

ஜெர்மனிக்காரர் கப்பலேறி வந்து பார்த்த இடம் அது. நாம் அதன் பக்கத்திலேயே பஸ்ஸில் போகிறோம், தூங்கிக்கொண்டு போகிறோம்!

பையன் கேட்டது நல்ல கேள்வி. அப்பாவுக்குப் பதில் தெரியாதது குற்றம் இல்லை. எல்லாம் தெரிந்தவர் யார்? ஆனால், ஒரு வாரம் முன்னால் நாலு பக்கம் படித்திருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். பதில் கிடைத்த பிள்ளை இன்னொரு கேள்வி கேட்பான். "சும்மா வா" என்று கேட்ட பிள்ளை, பிறகு கேட்கவே மாட்டான். அதுதான் பெரிய நஷ்டம்.

மூன்று போதும்

எத்தனை புத்தகம் படிப்பது? பத்து வேண்டாம், மூன்று போதும். ஊரைச் சொல்லும் புத்தகம் ஒன்று. உயிர்களைச் சொல்லும் புத்தகம் ஒன்று. பிள்ளைகள் தாங்களே படிக்கும் புத்தகம் ஒன்று.

ஊரைச் சொல்லும் புத்தகத்துக்கு நெல்லைச் சீமையில் பஞ்சமே இல்லை. ரா. பி. சேதுப்பிள்ளை தாமிரபரணிக் கரையில், இராஜவல்லிபுரத்தில் பிறந்தவர். அவர் எழுதிய 'தமிழகம் ஊரும் பேரும்' 1946-இல் வெளிவந்தது. ஊர்ப் பெயருக்குள் மலை, காடு, ஆறு, குளம் எல்லாம் ஒளிந்திருப்பதை அதில் காட்டுகிறார். அதை முதலிலிருந்து கடைசிவரை படிக்க வேண்டும் என்பதில்லை. நீங்கள் போகிற ஊரின் பெயரைத் தேடி, அந்தப் பக்கத்தை மட்டும் படியுங்கள்.

அதைப் படித்தவர்களுக்கு ஊர்ப் பலகைகள் பேசத் தொடங்கும். திருச்செந்தூருக்கு வடக்கே, ஆறு கடலில் கலக்கும் பக்கத்தில் ஆத்தூர் இருக்கிறது. ஆற்றை ஒட்டிய ஊர், ஆற்றூர். அதுதான் ஆத்தூர் ஆயிற்று. இதைத் தெரிந்துகொண்ட பிள்ளை, அடுத்த பலகைக்காகக் காத்திருப்பான்.

கோயில் வழியாகப் போகிறவர்களுக்கு இன்னொரு நூல் உண்டு. தொ. மு. பாஸ்கரத் தொண்டைமான் எழுதிய 'வேங்கடம் முதல் குமரி வரை' அது. அவரும் திருநெல்வேலிக்காரர். அதில் ஒரு பாகத்துக்குப் பெயரே 'பொருநைத் துறையிலே'. பொருநை என்றால் தாமிரபரணிதான். பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்வதுபோல் எழுதியிருக்கிறார். கிருஷ்ணாபுரம் கோயிலில் கல்லிலே செய்த உருவங்களை, வெறுமனே பார்ப்பது வேறு; கதை தெரிந்து பார்ப்பது வேறு!

குளத்தங்கரையில்

அடுத்தது, உயிர்களைச் சொல்லும் புத்தகம்.

திருநெல்வேலியிலிருந்து சுமார் 38 கிலோமீட்டரில் கூந்தன்குளம் இருக்கிறது. 1994-இல் அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். சங்குவளை நாரைகள் ஊருக்குள் இருக்கும் மரங்களிலேயே கூடு கட்டும். பறவைகள் மிரளும் என்று அந்த ஊர் மக்கள் தீபாவளிக்கு வெடி போடுவது இல்லை.

அங்கே ஒரு வாத்து வரும். அதன் பெயர் வரித்தலை வாத்து. தலையில் இரண்டு கறுப்புக் கோடுகள் இருக்கும். அது மத்திய ஆசியாவிலிருந்து, இமயமலையைத் தாண்டிப் பறந்து வருகிறது! வந்து நம் நெல்லைக் குளத்தில் இறங்குகிறது.

ஆனால், கோடையில் போனால் அந்த வாத்தைப் பார்க்க முடியாது. குளிர்காலத்தில் வந்து, வெயில் ஏறுமுன் திரும்பிவிடும். அதைப் பார்க்கப் பொங்கல் விடுமுறையே சரியான காலம். குற்றாலத்தின் கதையும் இதுதான். அங்கே சாரல் காலம் ஜூன் முதல் ஆகஸ்டு வரை. மே மாதத்தில் போய், வறண்ட பாறையைப் பார்த்துத் திரும்பிய குடும்பங்கள் எத்தனை! காலம் தெரிந்து போனால் காசு வீணாகாது.

பறவைக்கு, படம் போட்ட பறவைப் புத்தகம் ஒன்று எடுங்கள். காட்டுக்கு, மா. கிருஷ்ணன் எழுதியதைப் படியுங்கள். அவர் 1912-இல் திருநெல்வேலியில் பிறந்தவர். நாவல் எழுதிய அ. மாதவையாவின் மகன். வாழ்நாள் முழுவதும் காட்டையும் பறவையையும் விலங்கையும் கவனித்து எழுதினார். அவருடைய தமிழ்க் கட்டுரைகள் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற பெயரில் நூலாக வந்திருக்கின்றன.

பாபநாசத்துக்கு மேலே இருக்கும் காடு, களக்காடு - முண்டந்துறை புலிகள் காப்பகம். 1988-இல் ஏற்பட்ட அது, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். சிங்கவால் குரங்கு அங்கே மரத்தின் உச்சியில் வாழ்கிறது. உலகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறு எந்தக் காட்டிலும் அது இல்லை. இதைப் படித்தவர்கள், வழியில் வரும் குரங்குக்கு முறுக்கு வீச மாட்டார்கள். தின்பண்டத்துக்குப் பழகிய குரங்கு, காட்டில் இரை தேடுவதை விட்டுச் சாலைக்கு வரும். அங்கே வண்டியில் அடிபட்டுச் சாகும்.

பிள்ளைகளுக்கு எது?

குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா 'நம் நதிகள்' என்று ஒரு நூல் எழுதினார். தென்னாட்டு ஆறுகளைப் பற்றியது. அது இந்தியாவில் 14 மொழிகளில் வந்தது. ஆற்றைப் பார்க்கப் போகும் பிள்ளைக்கு அதைவிட என்ன வேண்டும்?

பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு 'நடந்தாய் வாழி காவேரி' கொடுக்கலாம். தி. ஜானகிராமனும் சிட்டியும் காவிரி வழியே பயணம் செய்து எழுதியது. 1971-இல் வெளிவந்தது. அது வேறு ஆறுதான். ஆனால் ஓர் ஆற்றை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதை அதில் கற்கலாம். நம் தாமிரபரணியையும் அப்படிப் பாருங்கள். பொதிகையில் பிறக்கிறது. சுமார் 125 கிலோமீட்டர் ஓடுகிறது. எட்டு அணைக்கட்டுகளில் கடைசியானது ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு. புன்னைக்காயலில் கடலைச் சேர்கிறது. இவ்வளவையும் பிள்ளை ஒரு தாளில் படமாகப் போட்டு, கையில் கொண்டு வரட்டும்.

எப்படிப் பார்த்து எடுப்பது?

இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியிருக்கிறீர்களா? வெட்கம் வேண்டாம். உங்களுக்கு ஒரு வழி சொல்கிறோம்.

புத்தகத்தை நடுவில் திறங்கள். ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள். புரியாத சொல் வரும்போது ஒரு விரலை மடக்குங்கள். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கிவிட்டால், அந்தப் புத்தகம் அடுத்த ஆண்டுக்கு இருக்கட்டும். இரண்டு மூன்று விரல் மடங்கினால், அதுவே உங்களுக்கு ஏற்ற புத்தகம். எழுத்து பெரிதாக இருக்கிறதா, படம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இரவுச் சாப்பாடு முடிந்ததும் எல்லாரும் உட்காருங்கள். ஒருவர் படிக்கட்டும், மற்றவர்கள் கேட்கட்டும். கால் மணி நேரம் போதும். ஆச்சிக்குப் படிக்கத் தெரியாமல் இருக்கலாம். ஆனால், "எங்க காலத்துல அந்த ஆத்துல தண்ணி எப்படி ஓடும் தெரியுமா?" என்று தொடங்குவார். அது எந்தப் புத்தகத்திலும் இல்லாத பக்கம். அதையும் கேளுங்கள்!

காசு கொடுத்து வாங்க முடியவில்லையா? நூலகம் இருக்கிறது. 1948-இலேயே நம் மாநிலத்தில் நூலகச் சட்டம் வந்துவிட்டது. வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். ஆகவே, அங்கே அடுக்கியிருப்பவை நம் பணத்தில் வாங்கிய புத்தகங்கள். கூச்சப்படாமல் போய்க் கேளுங்கள்.

பலகையும் புத்தகமே

கடைசியாக ஒன்று. இதுதான் முக்கியம்.

2024 மே மாதம், பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் சிதறி ஓடினார்கள். ஒரு சிறுவனை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. மேலே மலையில் மழை பெய்தால், கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வரும். மலை ஆற்றின் குணம் அது. தண்ணீரின் நிறம் கலங்கினாலும், இரைச்சல் கூடினாலும், இலையும் குச்சியும் மிதந்து வந்தாலும், அந்த நொடியே கரை ஏற வேண்டும்.

ஆற்றங்கரையில் பலகை வைத்திருக்கிறார்கள். 'ஆழமான பகுதி, இறங்காதீர்கள்' என்று எழுதியிருக்கிறது. உலகத்திலேயே சின்னப் புத்தகம் அதுதான். இரண்டே வரி! ஆனால், உயிரைக் காப்பாற்றும் புத்தகம். படிக்கத் தெரிந்தும் அதைப் படிக்காமல் இறங்குகிறவர்களை என்னவென்று சொல்வது? போன இடத்தில் முதல் வேலையாக, பிள்ளையைக் கூப்பிட்டு அந்தப் பலகையை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் உண்டு. பாபநாசத்தில் பழைய துணியை ஆற்றில் விடுகிறார்கள். பிளாஸ்டிக் பையை வீசுகிறார்கள். அந்த ஆறு எங்கே போகிறது? நம் ஊருக்குத்தான் வருகிறது. திருச்செந்தூர் வட்டாரம் குடிப்பது தாமிரபரணித் தண்ணீர். மேலே நாம் வீசிய அழுக்கு, கீழே நம் குடத்துக்கே வருகிறது! ஆற்றின் வழியைப் புத்தகத்தில் படித்த பிள்ளை இதை உடனே புரிந்துகொள்வான். "எப்பா, போடாதீங்க. அது நம்ம வீட்டுக்குத்தான் வரும்" என்று கையைப் பிடித்துத் தடுப்பான்.

அந்தப் பிள்ளைக்காகத்தான் சொல்கிறோம். இந்த ஞாயிற்றுக்கிழமையே நூலகம் திறந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். மூன்று புத்தகம் எடுத்து வாருங்கள். ஒரு வாரம் படியுங்கள்.

பிறகு முறுக்கு சுடலாம், பெட்டியும் கட்டலாம்!