எண்மருக்கு ஒரு திருகை



உரோமைப் படைவீரர் என்றதும் வாளும் கேடயமுமே நம் நினைவுக்கு வருகின்றன. அவர்கள் சுமந்து சென்ற சட்டியை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. உரோமை நகரில் கி.பி. 113இல் எழுப்பப்பட்ட திராயான் வெற்றித் தூணில், தோளில் கழி தாங்கி நடக்கும் வீரரின் சிற்பங்கள் உள்ளன. அக்கழிகளில் துணி மூட்டையோடு, கைப்பிடி வைத்த சட்டியும் சிறு வாளியும் தொங்குகின்றன.

அப்படையின் பாசறையில் எல்லாருக்கும் பொதுவான சமையற்கூடம் கிடையாது. எட்டு வீரர் ஒரு கூடாரத்தில் தங்கி, ஒன்றாகவே சமைத்து உண்டனர். அரசு அவர்களுக்கு அளந்தது மாவன்று, கோதுமை மணியே. ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 850 கிராம் என்பது அறிஞர் கணிப்பு. அதை அரைப்பதற்கெனக் கூடாரத்திற்கு ஒரு கல் திருகை இருந்தது. பயணத்தில் அதனைக் கோவேறு கழுதை சுமந்தது. பகலெல்லாம் நடந்து களைத்தவர்கள், மாலையில் தாமே மாவரைத்து, பிசைந்து, தணலில் அப்பம் சுட்டனர். செருமனி நாட்டுச் சால்பர்க் கோட்டையில் இத்தகைய திருகைக் கற்கள் பல கிடைத்துள்ளன.

இந்த எளிமை குலைந்தபோது படையும் குலைந்தது. கி.மு. 134இல் இசுப்பானியாவின் நுமான்சியா நகரை முற்றுகையிடச் சென்ற சிப்பியோ எமிலியானுசு, அங்கே தம் படை சுகபோகத்தில் சோர்ந்து கிடக்கக் கண்டார். வணிகரைப் பாசறையினின்று வெளியேற்றினார். இறைச்சி வாட்டும் கம்பி ஒன்று, வெண்கலப் பானை ஒன்று, குவளை ஒன்று. இவையன்றி வேறு சமையற்கலம் எவரும் வைத்திருத்தலாகாது என ஆணையிட்டார். மறு ஆண்டே நுமான்சியா வீழ்ந்தது என்பது வரலாறு.

வீரரின் அன்றாடப் பானம், புளித்த திராட்சை இரசத்தில் நீர் கலந்தது. 'போசுக்கா' என்பது அதன் பெயர். கல்வாரியில் காடி நிறைந்த பாத்திரமொன்று இருந்ததாக அருளப்பர் எழுதுகிறாரே, அது காவல் வீரர் தங்களுக்கெனக் கொண்டு வந்த இப்பானமே என்பது மறைநூல் அறிஞர் பலரின் கருத்து. தாகமாயிருக்கிறது என்று ஆண்டவர் மொழிந்தபோது, கடற்பஞ்சில் தோய்த்து அவர் வாயருகே நீட்டப்பட்டது அதுவே. பேரரசர் பந்தியின் பொற்கிண்ணங்கள் எத்தனையோ மறக்கப்பட்டுவிட்டன. ஏழை வீரரின் அந்தப் பாத்திரமோ நற்செய்தியில் இடம் பெற்றுவிட்டது!

நம் வீட்டு அடுக்களையிலும் இன்று கலங்கள் பெருகியுள்ளன. ஒரே அடுப்பைச் சூழ்ந்து ஒன்றாக அமர்ந்து உண்ணும் வேளைகளும் அவற்றோடு பெருகியுள்ளனவா? இல்லங்கள்தோறும் எண்ணிப் பார்ப்போமாக.