வட்டியும் ஈவும்: பொருளறிந்து கையொப்பமிடுக

பால் கொட்டகையில் விழுக்காடு என்றால் என்னவென்று நம் தொழிலாளருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. நிறுத்த பால் 30 கிலோ, உலர்ந்த ரப்பர் 30 விழுக்காடு என்றால் கணக்கில் ஏறுவது 9 கிலோ. வாளி சுமந்து வந்தவர் இதைக் கிராணிக்கு முன்பே மனத்தில் போட்டு முடித்திருப்பார். ஒரு விழுக்காடு குறைத்து எழுதினாலும் அங்கேயே கேள்வி எழும், எழத்தான் வேண்டும்.

அதே தொழிலாளர் மோட்டார் சைக்கிள் கடைக்குப் போகிறார். "வட்டி ஆண்டுக்கு வெறும் 10 விழுக்காடுதான்" என்கிறார் கடைக்காரர். மறு பேச்சில்லாமல் கோடு போட்ட இடத்தில் கையொப்பமிட்டு வந்துவிடுகிறார். மேசைக்குப் பின்னால் அமர்ந்து பிறர் கணக்கை எழுதும் கிராணிமார்களும் இதற்கு விதிவிலக்கல்ல. பத்திரத்தில் வரும் சொற்கள் நம்மிடையே விளங்காமல் கிடப்பதால் யாருக்கு லாபம் என்பதைச் சற்று எண்ணிப் பார்ப்போம்.

அந்த 10 விழுக்காட்டையே எடுத்துக்கொள்வோம். 3,600 வெள்ளி கடன், மூன்று ஆண்டுத் தவணை. ஆண்டுக்கு 360 வெள்ளியாக மூன்று ஆண்டுக்கு வட்டி 1,080. ஆக மொத்தம் 4,680 வெள்ளி, மாதம் 130. கணக்கில் பிழையில்லை. ஆனால் முழு 3,600 வெள்ளியும் மூன்று ஆண்டும் நம் கையிலா இருக்கிறது? மாதந்தோறும் அசலில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறோம். கடைசி மாதத்தில் நாம் வைத்திருக்கும் அசல் சுமார் 130 வெள்ளிதான். வட்டியோ அப்போதும் 3,600க்கே போடப்படுகிறது. இதற்கு நிலை வட்டி என்று பெயர். எஞ்சிய அசலுக்கு மட்டும் வட்டி போட்டால் அது குறையும் வட்டி. அந்த முறையில் கணக்கிட்டால் இந்தக் கடனின் உண்மை வட்டி ஆண்டுக்கு ஏறக்குறைய 18 விழுக்காடு! பத்து என்று வாயால் சொல்லிப் பதினெட்டை வாங்குகிறார்கள். ஆகவே கடைக்காரரிடம் கேட்க வேண்டியவை இரண்டு: வட்டி நிலையானதா, குறைவதா? எல்லாம் சேர்த்து நான் கட்டப்போகும் மொத்தத் தொகை எவ்வளவு? இரண்டாவது கேள்விக்கு நேரான பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடலாம்.

வட்டிக் கடைக்கும் சட்டம் உண்டு. 1951ஆம் ஆண்டின் கடன் கொடுப்போர் சட்டத்தில் 2003இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, உரிமம் பெற்றவர் ஈடு வைத்த கடனுக்கு ஆண்டுக்கு 12 விழுக்காட்டுக்கு மேலும், ஈடு இல்லாக் கடனுக்கு 18 விழுக்காட்டுக்கு மேலும் வாங்கக்கூடாது. வட்டிக்கு வட்டி போடுவதும் கூடாது. ஆலோங்கு சொல்லும் "நூற்றுக்கு மாதம் பத்து" என்பதை ஆண்டுக்குப் பெருக்குங்கள்: 120 விழுக்காடு. வங்கி அட்டையையும் அடையாளக் கார்டையும் அவனிடம் ஒப்படைத்துவிட்டுச் சம்பள நாளில் கைகட்டி நிற்கும் தோழர்கள் எத்தனை பேர்! அட்டையை ஒருவனிடம் கொடுப்பது சம்பளத்தையே கொடுப்பதாகும்.

இனி நமக்கு வரவேண்டிய பணத்தைப் பற்றி. ஊழியர் சேமநிதி 1951இல் ஏற்பட்டது. தொடக்கத்தில் தொழிலாளி 5 விழுக்காடு, முதலாளி 5 விழுக்காடு. இன்று 5,000 வெள்ளி வரை சம்பளம் வாங்கும் உள்நாட்டுத் தொழிலாளியிடம் பிடிப்பது 11 விழுக்காடு. முதலாளி தம் பங்காகப் போடவேண்டியது 13 விழுக்காடு. 1,700 வெள்ளிச் சம்பளத்துக்கு நம் பங்கு 187, முதலாளி பங்கு 221, ஆக 408. "சம்பளத்தில் பிடித்துவிட்டார்கள்" என்று அந்த 187ஐப் பற்றிக் குறைபடுகிறவர்கள், கூடவே வந்து சேரும் 221ஐ மறந்துவிடுகிறார்கள். அது தர்மமன்று, அதுவும் நம் ஊதியமே. மறு மாதம் 15ஆம் தேதிக்குள் அது நம் கணக்கில் ஏறியிருக்க வேண்டும். ஓவர்டைம் பணத்துக்குச் சேமநிதி கிடையாது, போனசுக்கு உண்டு. இதைப் பல தோட்டங்களில் மாற்றிப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

சேமநிதி தருவது வட்டியன்று, ஈவு. வட்டி என்பது முன்கூட்டியே பேசி முடித்த தொகை. ஈவு என்பது கிடைத்த லாபத்தைப் பங்கிடுவது, ஏறும், இறங்கும். 2022இல் 5.35, 2023இல் 5.50, 2024இல் 6.30 விழுக்காடு என்று வழக்கமான சேமிப்புக்குக் கிடைத்தது. லாபம் குன்றினாலும் அச்சேமிப்புக்கு 2.5 விழுக்காடு கொடுத்தே ஆகவேண்டும் என்பது சட்டம். சேர்ந்த ஈவு அசலோடு கூடி, மறு ஆண்டு அதற்கும் ஈவு வருகிறது. எத்தனை ஆண்டில் பணம் இரட்டிப்பாகும் என்றறிய 72ஐ விழுக்காட்டால் வகுத்துப் பார்க்கலாம். ஆண்டுக்கு 6 என்றால் சுமார் 12 ஆண்டு. 2024 மே மாதம் முதல் புதிய சேமிப்பில் பத்தில் ஒரு பங்கை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று வைத்திருக்கிறார்கள். அவசரத்துக்கு நல்லதுதான், பெருநாள் செலவுக்கு எடுத்தால் இந்தப் பெருக்கம் நின்றுவிடும். ஆனால் 18 விழுக்காட்டுக் கடனைத் தோளில் வைத்துக்கொண்டு 6 விழுக்காட்டுக்குத் தனியே சேமிப்பவருக்கு ஆண்டுக்குப் பன்னிரண்டு நட்டம். கையில் மிச்சப் பணமிருந்தால் முதலில் கடனை அடைப்பதே புத்திசாலித்தனம்.

பங்கு என்ற சொல் நமக்குப் புதிதன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960இல், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் 100 வெள்ளிப் பங்கை மாதம் 10 வெள்ளியாகக் கட்டி வாங்கினார்கள். அந்தப் பணத்தில் கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. பங்கு என்பது உடைமையில் ஒரு துண்டு. கண்ணெதிரே மரமும் மண்ணும் இருந்தன. இன்று கைத்தொலைபேசியில் வந்து "முதலீடு செய்யுங்கள், மாதம் 10 விழுக்காடு உறுதி" என்கிறவனிடம் கேளுங்கள்: எங்கே மரம்? யார் பால் வெட்டுகிறார்கள்? கோடி கோடியாய் வைத்திருக்கும் சேமநிதியே 2024 முழுவதற்கும் கொடுத்தது 6.30. மாதம் பத்து தருவதாகச் சொல்பவன் இன்று வந்தவன் பணத்தை நேற்று வந்தவனுக்குக் கொடுக்கிறான் என்றே கொள்ளலாம்.

கிளைச் செயலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கிளைக் கூட்டத்தில் அரைமணி நேரம் ஒதுக்கி, ஒவ்வொருவரும் தத்தம் சேமநிதிக் கணக்கறிக்கையையும் தவணைப் பத்திரத்தையும் கொண்டுவரச் செய்யுங்கள். கிராணிமார்கள் கூட உட்கார்ந்து வரி வரியாகப் படித்துக் காட்டட்டும். முதலாளி பங்கு ஏறாத மாதங்களைத் தனித்தாளில் குறித்துச் சங்கத்துக்கு அனுப்புங்கள்.