மன்னார் எரிவாயு: கண்டுபிடிப்பு வேறு, கரைசேர்ப்பு வேறு

2011ஆம் ஆண்டு மன்னார் படுகையில் கெய்ர்ன் லங்கா நிறுவனம் துளைத்த டொராடோ, பரகுடா கிணறுகளில் இயற்கை எரிவாயு கண்டறியப்பட்டபோது பெரும் எதிர்பார்ப்பு எழுந்தது. 2015இல் அந்நிறுவனம் விலகியது. வளமோ கடலடியிலேயே கிடக்கிறது. அதைக் கரைசேர்ப்பதில் விலை மட்டுமன்றி, குழாயினுள் நிகழும் பாய்ச்சலும் பெருஞ்சவாலாகும்.

டொராடோவில் நீரின் ஆழமே சுமார் 1,350 மீற்றர். இத்தகைய கிணற்றிலிருந்து எரிவாயு வெளிவரும் வழியில் அமுக்கமும் வெப்பமும் குறைய, அதிலிருந்து திரவம் பிரியக்கூடும். வாயு விரைந்தோட, திரவம் பின்தங்கிக் குழாயின் பள்ளங்களில் தேங்கும். பின்னர் திரண்டு பாய்ந்து கரையிலுள்ள கருவிகளைத் தாக்கும். குழாய் அகன்றால் வேகம் தணிந்து தேக்கம் பெருகும். ஒடுங்கினால் அமுக்கம் வீணாகும். ஆழ்கடற் குளிரில் நீரும் வாயுவும் பனிக்கட்டிபோல் உறைந்து வழியை அடைப்பதும் உண்டு.

இவற்றையெல்லாம் முன்கூட்டியே கணித்ததனாலேயே நோர்வே, 2007இல் ஸ்னோவிட் வயலின் வாயுவையும் திரவத்தையும், கடற்பரப்பில் மேடை எதுவுமின்றி, 143 கிலோமீற்றர் நீளமான குழாயில் ஒன்றாகவே கரைக்குக் கொண்டுவந்தது.

மன்னாரிலும் கடலில் மேடை வேண்டுமா, குழாய் எவ்வழியே செல்லும், எங்கே வலைவீசத் தடை வரும் என்பன பெரிதும் இக்கணிப்பிலேயே தங்கியுள்ளன. போரினாலும் 1990ஆம் ஆண்டு வெளியேற்றத்தினாலும் சிதறி, மீண்டுவந்து கடலை நம்பி வாழும் தமிழ், முஸ்லிம் மக்களுக்கு இது வாழ்வாதாரப் பிரச்சினையாகும். எனவே, எந்த நிறுவனத்துக்கும் உற்பத்தி அனுமதி வழங்குமுன் இக்கணிப்புகளைத் தமிழில் அவர்கள் முன் வைப்பது அரசின் கடமையாகும்.